சம்பளம் மாதாமாதம், அட்வான்ஸ் பத்து மாதம்: சென்னையில் வீடு தேடிய அனுபவங்களை எழுதுங்கள்

குன்றத்தூர் நர்ஸ்:

வாடகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அட்வான்ஸைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் மாதிரி மாதச் சம்பளக்காரர்களை வேலை செய்கிற இடத்திலிருந்து முதலில் துரத்துவது அந்தப் பத்து மாத அட்வான்ஸ்தான், வாடகை அப்புறம்தான் வருகிறது. நர்ஸ், டெக்னீஷியன், டீச்சர் யாராக இருந்தாலும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். மருத்துவமனை பெயர், பள்ளி பெயர், ஓனர் பெயர் வேண்டாம்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். பி.எஸ்சி. நர்சிங், ஆறு வருஷ அனுபவம், பிடித்தம் போகக் கையில் வருவது 24,000. கல்யாணம் ஆனதும் போரூர் பக்கம் வீடு பார்த்தோம். ஒற்றைப் படுக்கையறை 14,000, மெயின்டனன்ஸ் தனி, கரண்ட் யூனிட்டுக்கு ஓனர் சொல்கிற ரேட். கணவர் ஒரு குடோனில் சூப்பர்வைசர், இரண்டு சம்பளம் சேர்த்தால் மாத வாடகையை எப்படியாவது கட்டிவிடலாம். ஆனால் 1,40,000 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை வேறு. பால் காய்ச்சுவதற்கு முன்பே கல்யாணத்துக்குப் போட்ட வளையல் அடகுக்கடைக்குப் போய்விட்டது.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நாம் கொடுத்த அட்வான்ஸுக்கு ஓனர் ஒரு ரூபாய் வட்டி தருவதில்லை, அதே பணத்துக்காக நாம் நகைக்கடன் வட்டி மாதாமாதம் கட்டுகிறோம். அந்த வட்டியும் வாடகைதானே? எந்தக் கணக்கிலும் அது வருவதில்லை. அடுத்த வருஷம் வாடகையில் 1,500 ஏற்றினார், சரி என்றோம். உடனே அட்வான்ஸையும் புது வாடகைக்கு ஏற்றமாதிரி நிரப்பச் சொன்னார், அதாவது இன்னொரு 15,000. எனக்கு அந்த வருஷம் இன்கிரிமென்ட் ஆயிரம் ரூபாய். காலி செய்தோம், பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தந்தார்.

இப்போது குன்றத்தூரில் 8,500-க்கு இருக்கிறோம். காலை டூட்டிக்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும். ஐசியூவில் டூட்டி முடிகிற நேரத்தில் முடியாது, ஹேண்ட் ஓவர் கொடுக்காமல் பேஷன்ட்டை விட்டு நகர முடியாது, வென்டிலேட்டரில் இருப்பவரை அடுத்தவர் கையில் ஒப்படைத்து, டிரிப் ஓடுகிற மருந்தெல்லாம் சரிபார்த்து, பைல் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் கூட ஆகும். அதற்குப் பிறகு பஸ். வீட்டில் கண் மூடுகிற நேரத்தைத்தான் வாடகைக்குப் பதிலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆவடி லைன் டெக்னீஷியன்:

சிஸ்டர், நீங்கள் சொல்வதில் இன்னொன்றும் இருக்கிறது. நான் கேத் லேப், அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கிற பிரிவில் டெக்னீஷியன். ஹார்ட் அட்டாக் என்று வந்தவருக்கு, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு. அதனால் ஆன்-கால் இருக்கிற இரவில் போன் வந்தால் அரை மணி நேரத்தில் நாங்கள் வந்து நிற்க வேண்டும், டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் மூவரில் ஒருவர் இல்லை என்றாலும் வேலை ஆரம்பிக்காது.

டாக்டருக்கு நுங்கம்பாக்கத்தில் வீடு. நான் இருப்பது திருநின்றவூரில், அங்கேதான் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை 7,000-க்குக் கிடைத்தது, மனைவி, குழந்தை, அம்மா எல்லோரும் அதில். ராத்திரி இரண்டு மணிக்கு ரயில் கிடையாது. பைக்கில் எவ்வளவு விரட்டினாலும் அரை மணி நேரத்தில் கிரீம்ஸ் ரோடு பக்கம் வர முடியாது. அதனால் ஆன்-கால் நாட்களில் வீட்டுக்கே போவதில்லை. டூட்டி முடிந்ததும் லேப்புக்குப் பின்னாலுள்ள அறையில் படுத்துவிடுவேன். போன் வராத இரவுக்குச் சம்பளம் கிடையாது, அந்த இரவு வீட்டிலும் கிடையாது.

நிர்வாகத்திடம் கேட்டேன், பக்கத்தில் நாலு அறை வாடகைக்கு எடுத்து ஆன்-கால் ஆட்களுக்குக் கொடுங்கள், சம்பளத்தில் கொஞ்சம் பிடித்தாலும் பரவாயில்லை என்று. "பார்க்கலாம்" என்றார்கள். கார் நிறுத்த ஒரு மனையைப் பக்கத்திலேயே குத்தகைக்கு எடுத்தார்கள்.

நான் கேட்பது சலுகை இல்லை. 90 நிமிடம் என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைக் காப்பாற்றுகிற ஆள் எங்கே தூங்குகிறான் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

பெருங்குடி டீச்சர்:

நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், எம்.எஸ்சி., பி.எட்., சம்பளம் 19,000. பள்ளி ஓ.எம்.ஆர். ஓரமாக இருக்கிறது, ஐடி கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள். அந்தப் பெற்றோர் கொடுக்கிற வாடகைதான் அந்தத் தெருவின் வாடகை. நாங்கள் எட்டு வருஷமாக இருந்த வீட்டை ஓனர் காலி செய்யச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, முகத்துக்கு நேரே சொன்னார்: "டீச்சர், நீங்க குடுக்கிறது பதினொண்ணு. இதே போர்ஷனுக்கு ரெண்டு பேரும் ஐடியில இருக்கிற ஜோடி இருபத்திரெண்டு தர்றேன்றாங்க. நான் என்ன பண்றது?" எனக்குப் பதில் தெரியவில்லை.

மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், அப்புறம் இன்னும் உள்ளே தள்ளித் தள்ளிப் பார்த்தோம். பாதி இடத்தில் லாரித் தண்ணீர், கோடையில் அந்தச் செலவே மாதம் இரண்டாயிரத்தைத் தாண்டும். பள்ளியை மாற்றிவிடலாமே என்று சொல்வார்கள். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள், ஸ்டாஃப் பிள்ளைகள் என்பதால் பாதிக் கட்டணம். வேலையை விட்டால் அதுவும் போகும். அப்படியே கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறோம்.

சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை, அது ஒன்று பெரிய உதவி, மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது. ஆனால் பாருங்கள், அந்த ஆயிரமும் கடைசியில் வாடகை ஏற்றத்துக்கே போய்ச் சேர்ந்தது.

தென்காசி நர்ஸ்:

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியப் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள் நான். அரசு வேலை கிடைத்துவிட்டது என்று எங்கள் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார் அப்பா. வந்த பிறகுதான் தெரிந்தது, தொகுப்பூதியம், மாதம் 7,700. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (அரசு மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் நிரந்தரம் கேட்டு ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் போராட்டத்தில் உட்கார்ந்தோமே, அதில் நானும் இருந்தேன். அப்புறம் 14,000 ஆனது, பல வருஷம் கழித்து 18,000.

தொகுப்பூதியம் என்றால் வீட்டு வாடகைப் படி கிடையாது. இதை வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. பக்கத்து வார்டில் இதே ஊசி போட்டு இதே கேஸ் ஷீட் எழுதுகிற நிரந்தர நர்ஸுக்கு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, சென்னைக்கான வாடகைப்படி எல்லாம் உண்டு. எனக்கு ஒரே தொகை, அதில்தான் சென்னை வாடகையும். கணவருக்கு ஊரில் சின்னக் கடை, அதை விட்டுவிட்டு வர முடியாது, வந்தாலும் இருவரும் இருக்கிற மாதிரி வீடு பிடிக்க என் சம்பளம் போதாது. நான்கு நர்ஸ்கள் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறோம். என் மகள் பாட்டியிடம் வளர்கிறாள்.

கொரோனா காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2020 ஏப்ரல், கோவிட் வார்டு டூட்டி. ஒருநாள் ஓனர் வீட்டம்மா மாடிப்படியில் நின்றபடி, "தப்பா நினைக்காதேம்மா, வீட்ல வயசானவங்க இருக்காங்க, வேற இடம் பாத்துக்கோ" என்றார். அவர் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊரடங்கில் எங்கே போய் வீடு பார்ப்பது? அந்த மாதம் 22-ஆம் தேதி மத்திய அரசு பெருந்தொற்று நோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் போட்டது, சுகாதாரப் பணியாளர் குடியிருக்கும் சூழலைக் கெடுக்கிற மாதிரித் தொந்தரவு செய்வதும் அதில் குற்றமானது. அந்தச் செய்தி வந்த பேப்பரைக் கதவிடுக்கில் சொருகி வைத்தோம். காலி செய்யச் சொல்வது நின்றது. அந்தம்மாவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தபோது ஆக்சிஜன் அளவு பார்த்தது நாங்கள்தான்.

மாங்காடு ஓனர்:

எல்லோரும் ஓனரைத்தான் திட்டுகிறீர்கள், ஒரு ஓனராக நானும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். ரயில்வேயில் ரிட்டையர் ஆனேன், வந்த பணத்தில் மேலே இரண்டு போர்ஷன் கட்டினேன், இன்னும் லோன் ஓடுகிறது. ஒருவர் ஐந்து மாத வாடகை பாக்கி வைத்து, கரண்ட் பில்லும் கட்டாமல், சண்டை போட்டுக் காலி செய்தார். பாத்ரூம் டைல்ஸ், கதவு எல்லாம் போச்சு. அட்வான்ஸ் கையில் இல்லை என்றால் நான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்திருக்கும். பத்து மாதம் வாங்குவது பேராசை இல்லை, பயம்.

ஆனால் நர்ஸ் பொண்ணுங்க இருந்த போர்ஷனில் ஒரு தொந்தரவும் வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். தேதி தவறாமல் வாடகை வந்தது.

குன்றத்தூர் நர்ஸ்:

ஐயா, நேர்மையாக எழுதியதற்கு நன்றி. உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி. தேதி தவறாமல் கொடுத்த அந்த நர்ஸ்களிடமும் பத்து மாதம்தானே வாங்கினீர்கள்? யாரோ ஒருவர் ஏமாற்றியதற்கான காப்பீட்டை, நகையை அடகு வைத்து நாங்கள் கட்டுகிறோம். மூன்று மாதம் வாங்கிக்கொண்டு, சம்பளச் சான்றும் வேலை செய்கிற இடத்தின் கடிதமும் கேளுங்கள், தருகிறோம். மருத்துவமனையே ஓனரோடு அக்ரிமென்ட் போட்டால் இன்னும் நல்லது, உங்களுக்கும் வாடகை பாக்கி பற்றிய கவலை இல்லை.

இன்னொன்று, சம்பளத்தைப் பற்றி. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 50 படுக்கைக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000-க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸ்கள் போராடி 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 என்று அரசாணையே வாங்கினார்கள். எங்கள் ஆஸ்பத்திரி 200 படுக்கைக்கு மேல், ஐசியூ தனி மாடி. எனக்கு 24,000. 2016-க்கும் இப்போதைக்கும் நடுவில் போரூரில் வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

முதல் வருஷ ஸ்டாஃப்:

அக்கா, நான் இப்போதுதான் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். ஊர் அரியலூர் பக்கம். 16,500 தருகிறார்கள், அதில் ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்கு 4,000 பிடித்துவிடுவார்கள், ஒரே அறையில் ஆறு பேர். நைட் டூட்டி முடித்து வந்து படுத்தால் டே டூட்டிக்காரர்கள் கிளம்பும் சத்தம், லைட், செல்போன் அலாரம். தூக்கமே இல்லாமல் மருந்து அளவு கணக்குப் போட எனக்குப் பயமாக இருக்கிறது.

வெளியே வீடு பார்க்கலாம் என்று நானும் இரண்டு தோழிகளும் அலைந்தோம். டூ-லெட் போர்டு இருக்கிறது, பெல் அடித்தால் முதல் கேள்வி, "பேமிலியா?" இல்லை, நர்ஸ், மூன்று பெண்கள் என்றால் இரண்டாவது கேள்வி, "நைட் ஷிப்ட் உண்டா?" உண்டு என்றால் ராத்திரி எட்டரைக்கு மேல் கேட் திறக்க முடியாது என்கிறார்கள். ஒரு இடத்தில் ஊர், சாதி வரை கேட்டார்கள், அப்பா பெயரைச் சொல்லச் சொல்லி அதிலிருந்து கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். நாங்கள் பேசாமல் இறங்கி வந்துவிட்டோம்.

தனியார் லேடீஸ் ஹாஸ்டலில் 7,500 கேட்டார்கள், ஜிஎஸ்டி தனி என்றார்கள்.

எழும்பூர் ஜூனியர் வக்கீல்:

தங்கச்சி, அந்த ஜிஎஸ்டி விஷயத்தை விடாதீர்கள். 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் இதற்கு விலக்குத் தர முடிவெடுத்தது. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் கட்டணம், தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறார் என்றால் ஹாஸ்டல் தங்குமிடத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில் கேளுங்கள், பில்லில் ஜிஎஸ்டி எண் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் பற்றி. தமிழ்நாட்டில் வாடகைக்கு என்று புதுச் சட்டம் 2017-ல் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1960 சட்டம் ரத்து. புதுச் சட்டத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். அந்தப் பிரிவு ஆரம்பிப்பதே இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர என்றுதான். நீங்கள் பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் மூன்று மாதப் பாதுகாப்பு கையை விட்டுப் போகிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார், ஓனருக்கும் அது தெரியும். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரியை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும், இங்கே எழுதியிருப்பவர்கள் சங்கங்கள் மூலமாகக் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஆனாலும் சட்டத்தில் உங்களுக்கு உதவுகிற விஷயங்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர், இணையத்திலேயே பதியலாம். பதினொரு மாத அக்ரிமென்ட் என்பது ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பத்திரப் பதிவு செய்ய வேண்டுமே என்பதற்காக வந்த பழைய பழக்கம், இந்தச் சட்டத்தில் பதினொரு மாதமாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும், பாக்கி இருந்தால் கழிக்கலாம். பெயின்டுக்கு ஒரு மாதம் என்று கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வேண்டுமானால் அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், எழுதும்போதே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். வாடகைத் தகராறில் தண்ணீர், கரண்டை நிறுத்துவதும் கூடாது.

பெருங்குடி டீச்சர்:

சட்டம் இருப்பது சரி தம்பி, ஆனால் பதிவு செய்யலாமா என்று கேட்டால் "அப்ப வேற வீடு பாத்துக்கோங்க" என்பார்கள். நான் கேட்டுப் பார்த்தேன். வீடு பிடிக்கிற நாளில் எங்களுக்குப் பேரம் பேசுகிற பலம் இல்லை, அதுதான் உண்மை. பள்ளி நிர்வாகமோ ஆஸ்பத்திரி நிர்வாகமோ கூட நின்றால்தான் அது வரும்.

தென்காசி நர்ஸ்:

ஆமாம் டீச்சர். அந்தக் காலத்தில் ரயில்வே, துறைமுகம், பெரிய ஆலைகள் பலவற்றில் ஆட்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுத்தார்கள், பெரம்பூர், அயனாவரம் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம். வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் அவர் தங்க இடமும் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்திருக்கிறது. இப்போது கட்டுகிற ஆஸ்பத்திரிகளில் ஐநூறு படுக்கை இருக்கிறது, நர்ஸ்களுக்குப் பத்து வீடு இல்லை. என்னோடு படித்தவர்களில் நன்றாக வேலை தெரிந்த பலர் வளைகுடாவுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். சம்பளம் ஒரு காரணம், அங்கே தங்க இடமும் சேர்த்துக் கிடைத்தது இன்னொரு காரணம். இந்த ஊரில் ஐசியூவுக்கு அனுபவம் உள்ள நர்ஸ் கிடைப்பதில்லை என்று நிர்வாகங்கள் புலம்புகின்றன. ஆறு பேர் அறையில் எத்தனை வருஷம் ஒரு பெண் இருப்பாள்?

அரியலூர்த் தங்கை, அரசின் தோழி விடுதி தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கிறது, வேலை செய்யும் பெண்களுக்கானது. ஷிப்ட் நேரத்துக்கு அங்கே பிரச்சினை இருக்காது என்று என் தோழி சொன்னாள். உன் ஆஸ்பத்திரிக்குத் தூரம்தான், ஆனால் ரயில் இருக்கிறது. காலி இருக்கிறதா என்று முதலில் இணையத்தில் பார்.

முதல் வருஷ ஸ்டாஃப்:

பார்க்கிறேன் அக்கா. வக்கீல் அண்ணா, என் தோழி போன வீட்டைக் காலி செய்து நாலு மாதம் ஆகிறது, 60,000 அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன் என்கிறார் ஓனர். ஆள் வந்துவிட்டார்கள். அவள் என்ன செய்ய வேண்டும்?

எழும்பூர் ஜூனியர் வக்கீல்:

அடுத்த ஆள் வருவதற்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் அக்ரிமென்டில் அட்வான்ஸ் தொகை எழுதியிருக்கிற பக்கத்தையும், பணம் அனுப்பிய வங்கி ஸ்டேட்மென்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சாவியை ஒப்படைத்த தேதிக்கு வாட்ஸ்அப் மெசேஜ் ஏதாவது இருந்தால் அதை அழிக்க வேண்டாம். அப்புறம் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, பதினைந்து நாளில் திருப்பித் தாருங்கள் என்று ஒரு கடிதம். கடிதத்தை வைத்தே பாதிப் பேர் கொடுத்துவிடுகிறார்கள், நான் பார்த்தவரை. கொடுக்கவில்லை என்றால் அக்ரிமென்ட் பதிவு ஆகியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வழி மாறும், அதனால் அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் மேலே சொல்ல மாட்டேன். போட்டோ எடுத்துத் தனிச் செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள், கட்டணம் எதுவும் வேண்டாம்.